மெரினாவுக்கு வந்த மணல்

"அதோ, அலை உடையுது பாருங்க தம்பி, அங்கதான் எங்க தெரு இருந்துச்சு."

திருவொற்றியூர் கடலோரக் கல்மேட்டில் உட்கார்ந்து வலை சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் கை நீட்டிய இடத்தில் தண்ணீர் மட்டும்தான். கரையிலிருந்து நல்ல தூரம்.

நம் கடற்கரையில் அலை நேராக வந்து மோதுவதில்லை. வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் தெற்கிலிருந்து சாய்வாக ஏறும். இறங்கும்போது நேராக இறங்கும். ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் மணல் கொஞ்சம் வடக்கே நகரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திசை மாறும். ஆனால் அது சில மாதங்கள்தான்.

1870களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். நகர்ந்து வந்த மணல் அங்கே தடுக்கி நின்றது. தெற்கே மெரினா அகலமானது. நாம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கால் வலிக்க நடந்து அலையைத் தொடுகிறோமே, அந்த அகலம்தான்.

வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் வர வேண்டிய மணல் வரவில்லை. அலை மட்டும் வழக்கம்போல வந்தது. புதுச்சேரியிலும் 1980களின் கடைசியில் துறைமுகம் வந்த பிறகு இதே கதை.

சரி, கல் கொட்டினால்? கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு, அதாவது தூண்டில் வளைவு, போட்டால்? போட்ட இடத்தில் மணல் சேரும், உண்மைதான். அரிப்பு அடுத்த ஊருக்குப் போகும். அந்த ஊரும் தூண்டில் வளைவு கேட்கும். கேட்காமல் என்ன செய்யும்?