தீவு மின்தொகுப்பு ஆய்வுக்கு எந்த மென்பொருள்?

தீவு மின்தொகுப்பை, அதாவது பெரிய தொகுப்போடு இணையாமல் தனியாக ஓடுகிற மின்தொகுப்பை, முதுகலை ஆய்வுக்கு எடுத்தவர்கள் முதலில் கேட்பது எந்த சாஃப்ட்வேர் நல்லது என்றுதான். அதற்கு முன்னால், உங்கள் ஆய்வுக் கேள்வி மணிக்கணக்கில் நடக்கிற விஷயமா, சில விநாடிகளில் முடிந்துவிடுகிற விஷயமா என்று பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

நான் தொடங்கியது ஹோமர் (HOMER) என்கிற மென்பொருளில். வெயில், காற்று, மின்தேவை, டீசல் விலை எல்லாம் கொடுத்தால் ஆண்டின் 8760 மணி நேரத்தையும் ஓட்டிப் பார்த்து, எவ்வளவு சோலார், எவ்வளவு பேட்டரி போட்டால் மொத்தச் செலவு குறையும் என்று சொல்லிவிடும். பைத்தான் நிரல்மொழி தெரிந்தால் பைப்ஸா (PyPSA) என்கிற இன்னொரு மென்பொருள் இலவசம், மின்கம்பிகளின் கொள்ளளவையும் சேர்த்துப் பார்க்கலாம். ஆனால் ஒரு காற்றாலை திடீரென்று கழன்றுகொண்டால் அதிர்வெண் எங்கே போய் நிற்கும் என்று இரண்டுமே சொல்லாது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) துருவுவது அதைத்தான்.

இதற்கு ஒரு கைக்கணக்கு போட்டுப் பழகுங்கள். மொத்தம் 10 எம்விஏ (மெகாவோல்ட்-ஆம்பியர்) திறனுள்ள டீசல் ஜெனரேட்டர்கள் ஓடுகின்றன, நிலைம மாறிலி (சுழல்கிற பாகங்களில் தேங்கியிருக்கும் ஆற்றல் முழுத்திறனை எத்தனை விநாடி தாங்கும் என்கிற அளவு) 2 விநாடி, தொகுப்பு 50 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 1 மெகாவாட் உற்பத்தி போனால் அதிர்வெண் முதலில் விநாடிக்கு 1.25 ஹெர்ட்ஸ் வேகத்தில் விழும். நடுப்பகலில் சோலார் ஏறிவிட்டது என்று பாதி டீசலை நிறுத்தியிருந்தால் அதே இழப்புக்கு விநாடிக்கு 2.5 ஹெர்ட்ஸ். அப்புறம் கவர்னர் (டீசல் எஞ்சினின் வேகத்தைச் சரிசெய்கிற கருவி) விழித்துக்கொள்வதற்குள், பாதுகாப்புக் கருவியான ரிலே, ஊருக்கு மின்சாரம் கொண்டுபோகிற ஃபீடர் கம்பிகளை வெட்டத் தொடங்கிவிடலாம். இதைச் சரியாகப் பார்க்க பவர்ஃபேக்டரி (PowerFactory) அல்லது பிஎஸ்எஸ்இ (PSS/E) மாதிரி விநாடிக் கணக்கில் பார்க்கிற மென்பொருள் வேண்டும். டீசலே இல்லாமல் இன்வெர்ட்டர்களை மட்டும் நம்பி ஓட்டுகிற தொகுப்பு என்றால் இன்னும் நுணுக்கமாகப் பார்க்கிற பிஎஸ்கேட் (PSCAD) மென்பொருள் வரை போகவேண்டி வரும், அது மெதுவாக ஓடும், பொறுமை வேண்டும்.

மணிக்கணக்கில் பார்க்கிற மென்பொருளையும் விநாடிக் கணக்கில் பார்க்கிற மென்பொருளையும் இணைக்கிற இடத்தில்தான் ஆய்வின் சாரமே இருக்கிறது. ஹோமர் முடிவுகளிலிருந்து எந்த மணி நேரத்தை எடுத்து விநாடிக் கணக்கில் பார்க்கிற டைனமிக் மாடலில் போடுவது? பலரும் உச்சத் தேவை உள்ள மாலையை எடுக்கிறார்கள், அப்போது டீசல் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும், தொகுப்பு தாங்கிவிடும். ஓடுகிற டீசல் குறைவாகவும் ஒரே யூனிட்டிலிருந்து வருகிற மின்சாரம் அதிகமாகவும் இருக்கிற மணி நேரத்தைத் தேடுங்கள். டீசலுக்குக் குறைந்தபட்ச லோடு, பெரும்பாலும் அதன் திறனில் 30 சதவீதத்தை ஒட்டி, கொடுத்திருக்கிறீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் முடிவு அழகாக வரும், நடைமுறைக்கு உதவாது.

மாடலைச் சரிபார்க்க ஸ்பெயினின் எல் ஹியர்ரோ தீவு நல்ல தேர்வு. அங்கே 11.5 மெகாவாட் காற்றாலைகளோடு நீரேற்று மின்நிலையமும் 2014 முதல் இயங்குகிறது, தேவையையும் உற்பத்தியையும் அந்நாட்டு மின்தொகுப்பு நிறுவனமே இணையத்தில் காட்டுகிறது.