கோப்பிப் பாக்கெட்ல எழுதாத ஊர்

போன மாசம் கொழும்பு வெள்ளவத்தைல ஒரு கடையில 250 கிராம் கோப்பிப் பாக்கெட் ஒண்ணு வாங்கினேன். முன்பக்கம் பெருசா சிங்கிள் ஒரிஜின், ஸ்ரீலங்கன் ஹைலேன்ட்ஸ், 100% அரபிகா, ஹேன்ட் பிக்ட்னு போட்டிருந்துச்சு, கூடவே பனி மூடின மலைப் படம் ஒண்ணு. திருப்பிப் பார்த்தா எக்ஸ்பயரி டேட் மட்டும்தான். எந்த ஊர்ல விளைஞ்சது, எந்த மாசம் பறிச்சது, என்னைக்கு வறுத்தது, ஒண்ணும் இல்ல. கவுன்டர்ல நின்ன தம்பிகிட்ட இது எந்தப் பக்கத்து கோப்பின்னு கேட்டேன். "அப்கன்ட்ரி அண்ணா"ன்னான். அப்கன்ட்ரின்னா மலைநாடு முழுக்கத்தான், அதுல எங்கன்னு கேட்டதுக்கு அவனுக்கு சொல்லத் தெரியல. அவன் மேல பிழை இல்ல, அவனுக்கே யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

இது எனக்கு ஏன் இவ்வளவு பெரிய விஷயமா படுதுன்னா, மாத்தளைப் பக்கம் எங்க அம்மாச்சி வீட்டுக்குப் பின்னால பத்து பன்னெண்டு கோப்பி மரம் நிக்குது. பழுக்கப் பழுக்க பறிச்சு, சாக்கு விரிச்சு வெயில்ல காயவச்சு, உரல்ல இடிச்சு, தோல புடைச்சு எடுத்து வைப்பாங்க. வீட்டுக்கு கொஞ்சம் மல்லி போட்டு வறுத்துக்குவாங்க, மிச்சத்த வாங்க ஒரு முதலாளி த்ரீவீல்ல வருவாரு. இந்தப் பொங்கலுக்கு போனப்ப நானும் கூட நின்னு பார்த்தேன். தராசுல வச்சாரு, காசக் குடுத்தாரு, அம்மாச்சியோட கோப்பிய அவரோட பெரிய சாக்குல கொட்டினாரு. அந்த சாக்குல ஏற்கனவே வேற வேற வீட்டு கோப்பி இருந்துச்சு, நல்லா காஞ்சது, அரைகுறையா காஞ்சது, மரத்துலருந்து உதிர்ந்து மண்ணுல கெடந்ததப் பொறுக்கினது, எல்லாம் ஒண்ணா.

"இது எங்க போகுதுன்னு தெரியுமா அம்மாச்சி?"

"மொதலாளி டவுனுக்கு கொண்டு போவாரு ராசா. அதுக்கு மேல நமக்கு என்ன தெரியும்?"

ட்ரேசபிலிட்டின்னு பெரிய வார்த்தையா சொல்றாங்களே, ஒரு பொருள் எங்கருந்து வந்ததுன்னு பின்னால தேடிப் போய் கண்டுபிடிக்கிறது, அது அறுந்து போற இடம் அந்த சாக்குதான். அதுக்கப்புறம் எவ்வளவு அழகான பாக்கெட் போட்டாலும், க்யூஆர் கோட் ஒட்டினாலும், கொட்டின கோப்பியப் பிரிச்சு இது யார் வீட்டுதுன்னு சொல்ல ஏலாது. அதனால இப்பெல்லாம் எந்தப் பாக்கெட்ட எடுத்தாலும் நான் மனசுல கேக்குற கேள்வி ஒண்ணுதான், இந்த கோப்பி முதல் தடவ தராசுல ஏறினப்ப யாராவது அத எழுதி வச்சாங்களா?

இந்தக் கேள்விய வச்சுக்கிட்டு லேபிளப் படிச்சா பாதி வார்த்தை ஒண்ணுமே சொல்லலன்னு விளங்கும். 100% அரபிகா என்கிறது செடியோட இனம், அவ்வளவுதான், மட்டமான அரபிகாவும் அரபிகாதான். சிங்கிள் ஒரிஜின்னா ஒரு தோட்டமாவும் இருக்கலாம், ஒரு மாவட்டமாவும் இருக்கலாம், ஒரு முழு நாடாவும் இருக்கலாம், பிரேசில் அளவு பெரிய நாட்டையும் சிங்கிள்னு போட்டுடலாம். கென்யா ஏஏன்னு பார்த்து தரத்துல முதலாவதுன்னு நானே ரொம்ப நாள் நினைச்சிருந்தேன், அது கொட்டையோட சைஸ், சல்லடைல சலிச்சு பெருச தனியா எடுத்தா அதுக்கு ஏஏ. கொலம்பியா சுப்ரீமோவும் அப்படித்தான். வெள்ளவத்தைல கிடைக்கிற இந்திய ஃபில்டர் கோப்பிப் பாக்கெட் இந்த விஷயத்துல எவ்வளவோ மேல், அங்க சட்டப்படி கோப்பி குறைஞ்சது 51% இருக்கணும், சிக்கரி எத்தனை வீதம்னும் போட்டே ஆகணும். என்ன குடிக்கிறோம்னாவது தெரியுது.

ஊர் பேர் போட்டிருந்தாலும் எழுத்தெண்ணிப் படிக்கணும். ஹவாய்ல கோனான்னு ஒரு இடம், அந்த கோப்பிக்கு விலை ரொம்ப அதிகம். 90கள்ல கோனா காய் ஃபார்ம்ஸ்னு ஒரு கம்பனி பனாமா, கோஸ்டாரிக்கா கோப்பிய கோனா சாக்குல மாத்திப் போட்டு வித்து 1996ல மாட்டிச்சு. அது அப்பட்டமான களவு. ஆனா சட்டத்துக்குள்ளயே நடந்தத பாருங்க, கோனா பிளென்ட், அதாவது கோனா கலவைன்னு பேர் வைக்க கோனா கோப்பி வெறும் 10% இருந்தா போதும்னு ஹவாய்ல எத்தனையோ வருஷமா விதி, இப்பதான் 2024ல அத 51% ஆக்க சட்டம் கொண்டு வந்தாங்க, அதுவும் 2027லதான் நடைமுறைக்கு வரும்.

அதுக்காக தோட்டத்துப் பேர் இல்லாட்டி பொய்ன்னும் சொல்ல முடியாது. எத்தியோப்பியாவுல, கென்யாவுல, ருவாண்டாவுல நூத்துக்கணக்கான சின்ன விவசாயிங்க, எங்க அம்மாச்சி மாதிரி கொஞ்ச மரம் வச்சிருக்கவங்க, பழத்த ஒரே வாஷிங் ஸ்டேஷன்ல, அதாவது பழத்தோட தோல உரிச்சு கழுவிக் காயவைக்கிற இடத்துல, கொண்டு போய் குடுப்பாங்க, லேபிள்ல வர்ற பேர் அந்த ஸ்டேஷனோடதா இருக்கும். அது நேர்மையான பேர். அங்க வாசல்ல நிறுத்து யார் எத்தனை கிலோ குடுத்தாங்கன்னு பதியிறாங்க, அதுதான் பெரிய வித்தியாசம். எத்தியோப்பியாவுலயும் 2008ல கோப்பிய ஒரு எக்ஸ்சேஞ்ச், அதாவது ஒரு பொதுச் சந்தை வழியாதான் விக்கணும்னு ஆனப்ப, பிரதேசமும் கிரேடும் பார்த்து எல்லாத்தையும் ஒண்ணா கலந்துட்டாங்க, எந்த ஸ்டேஷன்லருந்து வந்ததுங்கிறது வாங்குறவனுக்கு தெரியாம போச்சு, 2017லதான் அந்த விதிய மாத்தினாங்க. எங்க ஊர் சாக்கு கதைதான், நாடு அளவுக்கு பெருசு.

பாக்கெட்ல ஒட்டுற சான்றிதழ் முத்திரைகளையும் ஒண்ணோட ஒண்ணு குழப்பிக்கக் கூடாது. விவசாயிக்கு நியாயமான விலை கிடைக்கணும்னு குடுக்குற ஃபேர்ட்ரேட் முத்திரைல குறைஞ்சபட்ச விலைன்னு ஒண்ணு இருக்கு, கழுவின அரபிகாவுக்கு 2023 ஆகஸ்ட்லருந்து பவுண்டுக்கு 1.80 டாலர், அதோட விவசாயிங்க கூட்டுறவுக்கு பிரீமியம்னு மேலதிகமா 20 அமெரிக்க சதம். தவளைப் படம் போட்ட ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் முத்திரைல அந்த மாதிரி குறைஞ்சபட்ச விலை கிடையாது. இன்னொண்ணு, ஃபேர்ட்ரேட் கோப்பின்னா அது வர்ற வழியெல்லாம் தனியாவே வரணும், தேயிலைக்கு அந்தக் கட்டாயம் இல்ல, கலக்கலாம், வாங்கின அளவும் வித்த அளவும் கணக்குல சரியா இருந்தா போதும். தேயிலை நாட்டுல இருந்துக்கிட்டு இத நான் கோப்பியப் பத்தி தேடினப்பதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

லேபிள்ல ஊர் மறையிறது நம்ம நாட்டுல இன்னைக்கு நேத்து தொடங்கினது இல்ல. தேயிலைக்கு முன்னால இது கோப்பித் தோட்டம், 1870கள்ல உலகத்துலயே முன்னணியில இருந்துச்சு, 1869ல கண்டுபிடிச்ச இலைத் துரு நோய் வந்து அவ்வளவத்தையும் தின்னுட்டுப் போச்சு. அந்தக் காலத்து லண்டன் சந்தைல சிலோன் கோப்பிக்கு ரெண்டு பேர், துரைமார் தோட்டத்துது பிளான்டேஷன், கிராமத்து ஆளுங்க வீட்ல காயவச்சது நேட்டிவ், நேட்டிவுக்கு விலை குறைவு. தமிழ்நாட்டுலருந்து கடல் தாண்டி மன்னார்ல இறங்கி காடு வழியா மாத்தளைக்கு நடந்து வந்து அந்தத் தோட்டத்துல பழம் பறிச்ச எங்க ஆளுங்க அந்த ரெண்டு பெயர்லயும் இல்ல, வழியிலயே செத்தவங்க எத்தனையோ பேர். பிறகு தேயிலைக் காலத்துல, 20ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல, ஆளுங்களுக்கே தகர வில்லை குடுத்தாங்க, எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள்னு நம்பர் பொறிச்சு. ஆள் எந்தத் தோட்டத்துக்கு போய் சேரணும்னு அவ்வளவு கவனமா குறிச்சு வச்ச நாட்டுல, ஒரு கோப்பிப் பாக்கெட்ல ஊர் பேர் இல்லங்கிறது எனக்கு வலிக்கத்தான் செய்யுது.

அந்த பாக்கெட் கம்பனிக்கு மெயில் போட்டேன். மத்திய மலைநாட்டு சப்ளையர்கள்கிட்ட வாங்குறோம்னு ஒரு வரி பதில் வந்துச்சு. அதே கேள்விய கொழும்புல சின்னதா கோப்பி வறுக்குற இன்னொருத்தர்கிட்ட கேட்டேன், அவர் நோட்டப் புரட்டி எந்தக் கிராமம், எந்த மாசம் பறிச்சது, பழமா வாங்கினாரா காஞ்சதா வாங்கினாரா, கிலோவுக்கு என்ன குடுத்தாரு, எல்லாம் சொன்னாரு. அம்மாச்சியப் பத்தி சொன்னதும் அடுத்த தடவ அஞ்சு கிலோ தனியா வைக்கச் சொல்லுங்கன்னாரு.

அன்னைக்கு ராவே அம்மாச்சிக்கு கோல் எடுத்தேன். உங்க கோப்பிய யாரோடதும் கலக்காம நம்ம ஊர் பேர் போட்டு விப்பாங்களாம்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. பிறகு, "அப்ப கீழ உதுந்ததப் பொறுக்கி இதோட சேக்கக் கூடாது ராசா, அத நான் வேறயா காயப்போடுறேன்"ன்னாங்க.