கட்டுத்தறில தூசிக்கு ஒரு வழி பண்ணியாச்சு

மாடு கட்டற பழைய கட்டுத்தறிய மரவேலைக்குன்னு ஒதுக்கி ரெண்டு வருசம் ஆச்சுங்க, ஆடிக்காத்து பாலக்காட்டுக் கணவாய் பக்கமிருந்து அடிக்கறப்ப ரெண்டு கதவையும் தொறந்து வெச்சா தூசி போயிரும்னு இருந்துட்டேன், அது போனது வீட்டுக் கூடத்துக்குள்ள, அம்மா ராத்திரியெல்லாம் இருமறதக் கேட்டு மனசே ஆறலீங்க.

போன வாரம் மெஷினுக்கும் வேக்குவம் கிளீனருக்கும் நடுவால தூசியப் பிரிக்கற சைக்ளோன் ஒண்ணு வெச்சுட்டேன். கூம்பு மாதிரி இருக்கும், உள்ள காத்து சுத்தறப்ப கனமான தூளெல்லாம் ஓரத்துல மோதி கீழ இருக்கற பெயிண்ட் டப்பாவுல உழுந்துரும், நைசு தூசி மட்டுந்தான் மேல போகும், ஃபில்டர் சீக்கிரம் அடைக்காது. டப்பா மூடில துளி காத்து புகுந்தாலும் தூள் திரும்ப மேல ஏறிருது, அத சரி பண்ணவே அரை நாள் ஆச்சு. ஓஸ் நீளமானா இழுவை கொறையுது, அதனால எல்லாத்தையும் சக்கரம் வெச்ச பலகைல ஏத்தி மெஷின் பக்கத்துக்கே தள்ளிட்டுப் போறேன்.

கண்ணுக்குத் தெரியற இழைப்புச் சுருளு பெருசில்லீங்க, சேண்டர்ங்கற தேய்க்கற மெஷின் போடறப்ப மாவு மாதிரி பறக்குதே அதுதான் நுரையீரல் வரைக்கும் போகும். மரத்தூசி புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995லயே முதல் பிரிவுல, அதாவது உறுதியாத் தெரிஞ்சதுங்க பட்டியல்ல, சேத்திருச்சு, மூக்குலதான் அதிகம் வருமாம். எம்டிஎஃப், அதாவது மரநார பசை போட்டு அழுத்துன பலகை, அறுக்கறவங்க இன்னும் சாக்கிரதையா இருக்கோணும், அதுல பார்மால்டிஹைடு பசையும் சேந்திருக்கு.

சைக்ளோன் இருந்தாலும் என்95 மாஸ்க் போட்டுக்கோங்க, மெஷின நிறுத்துன ஒடனே கழட்டிராதீங்க, நைசு தூசி அடங்க நேரமாகும்.