45 மணி நேர ஜப்பானிய வகுப்பு: ஆங்கிலத்தை விட்டுத் தமிழைப் பிடியுங்கள்

நம் பொறியியல் கல்லூரிகளில் ஜப்பானிய மொழி பெரும்பாலும் ஒரு விருப்பப் பாடம். 3 கிரெடிட், வாரத்துக்கு 3 மணி நேரம், 15 வாரம். மொத்தம் 45 மணி நேரம். உட்கார்ந்திருப்பவர்கள் மெக்கானிக்கல், இ.சி.இ., கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்கள். மொழியைப் பட்டப்படிப்பாக எடுத்தவர்கள் அல்ல. மறுநாள் வேறொரு பாடத்தில் இன்டர்னல் தேர்வு இருந்தால் ஜப்பானிய வீட்டுப்பாடம் தான் முதலில் கைவிடப்படும். இதைக் குறையாகப் பார்க்காமல், இந்த 45 மணி நேரத்துக்குள் எது அடங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் பாடத்தை அமைக்க வேண்டும்.

பரவலாகப் பயன்படும் 'மின்னா நோ நிஹோங்கோ' தொடக்கநிலை முதல் நூலில் 25 பாடங்கள். ஒழுங்காக முடிக்க 150 மணி நேரமாவது வேண்டும். நம்மிடம் இருப்பதில் எட்டு அல்லது ஒன்பது பாடம் போகலாம். ஜப்பானிய மொழியின் முதுகெலும்பான 'தெ' வடிவம் அந்த நூலில் 14ஆம் பாடத்தில்தான் வருகிறது. ஆக, "இது பேனா, அது மேசை, நான் மாணவன், ஆறு மணிக்கு எழுந்திருக்கிறேன்" என்பதோடு செமஸ்டர் முடிந்துவிடுகிறது. பையனும் பெண்ணும் நல்ல மதிப்பெண் வாங்குகிறார்கள். இரண்டு வாக்கியத்தைச் சேர்த்து ஒன்றாகச் சொல்ல வராது.

நூலில் குற்றமில்லை. உலகத்தில் எந்த மொழிக்காரருக்கும் பொருந்தும்படி எழுதப்பட்ட வரிசை அது. தமிழ் பேசும் மாணவருக்கு அந்த வரிசை தேவையே இல்லை. 'தெ' வடிவம் என்பது நம் வினையெச்சம்.

எழுதிப் பார்த்தால் தெரியும். தபெரு என்றால் சாப்பிடு. தபெதெ, சாப்பிட்டு. தபெதெ மிரு, சாப்பிட்டுப் பார். தபெதெ ஷிமவு, சாப்பிட்டுவிடு. யொன்டெ ஒகு, படித்து வை. 'மிரு' தனியாக வந்தால் கண்ணால் பார்ப்பது, 'ஒகு' தனியாக வந்தால் ஒரு பொருளை வைப்பது. அந்த வினைகளே இன்னொரு வினையின் வாலாக வரும்போது 'முயன்று பார்', 'முன்கூட்டியே செய்து வை' என்று பொருள் மாறுவது இரு மொழியிலும் ஒரே மாதிரி நடக்கிறது. ஆங்கிலம் வழியாக இதை விளக்கினால் ஒவ்வொன்றும் தனித்தனி இலக்கண விதியாகி, நான்கு வகுப்பு போய்விடும். தமிழில் சொன்னால் ஒரே வகுப்பில் ஒரு பலகையில் அடங்கும்.

'தெ இரு' மட்டும் சற்று நிதானமாக நடத்த வேண்டும். 'தபெதெ இரு' என்றால் சாப்பிட்டுக்கொண்டிருப்பது. ஆனால் 'மடொ க ஐதெ இரு' என்றால் ஜன்னல் திறந்திருக்கிறது. நாம் கொண்டிரு, இரு என்று இரண்டாகப் பிரித்து வைத்திருப்பதை ஜப்பானியர் ஒன்றிலேயே அடக்குகிறார்கள். தொடரும் செயலா, முடிந்து நிலைத்த நிலையா என்பதை வினையே முடிவு செய்யும். ஆங்கிலத்தின் தொடர்வினை வடிவத்தோடு மட்டும் இதை இணைத்துப் படித்தவர்கள் 'கெக்கொன் ஷிதெ இரு' என்பதைக் 'கல்யாணம் நடந்துகொண்டிருக்கிறது' என்றே புரிந்துகொள்வார்கள். கல்யாணம் ஆகியிருக்கிறது என்பதுதான் பொருள்.

இந்த வடிவத்தை விதியாகத் தொடங்காதீர்கள். முதலில் பன்னிரண்டு வினைகளை வாயால் சொல்லச் சொல்லிப் பழக்குங்கள்: யொமு, நொமு, ககு, கிகு, கவு, மட்சு, ஹனசு, இகு, தபெரு, மிரு, குரு, சுரு. இவற்றின் எச்சங்கள் யொன்டெ, நொன்டெ, கைதெ, கீதெ, கத்தெ, மத்தெ, ஹனஷிதெ, இத்தெ, தபெதெ, மிதெ, கிதெ, ஷிதெ. வழக்கமான மாற்றங்களில் பெரும்பாலானவை இதற்குள் வந்துவிடுகின்றன; 'கு'வில் முடிந்தும் முறை தவறிப்போகும் 'இகு'வும் இருக்கிறது. இரண்டு வகுப்பு கழித்து விதியைப் பட்டியலாகக் கொடுத்தால், தெரிந்ததற்குப் பெயர் வைத்த மாதிரி ஏற்றுக்கொள்வார்கள். படித்து, ஓடி, வந்து என்று நம் வினைகளும் இனம் பார்த்துத்தான் மாறுகின்றன என்று சொன்னால் போதும், "ஏன் எல்லாம் ஒரே மாதிரி இல்லை" என்ற கேள்வி வராது.

இங்கே ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருப்பது வாசிக்கும் வசதிக்காக. வகுப்பில் இப்படி எழுதவே விடக் கூடாது. 'ககி' என்று தமிழில் எழுதினால் அது சாவியா சீமைப் பனிச்சைப் பழமா என்று தெரியாது. இரண்டுக்கும் ஜப்பானிய மொழியில் ஒலி வேறு. தமிழில் உயிருக்கு நடுவே வரும் க, ட, த, ப தானாகவே மென்மையாகும். அந்தப் பழக்கம் ஜப்பானிய மொழிக்குள்ளும் வரும். வல்லொலியில் சொல்ல வேண்டியதைத் தளர்த்திச் சொல்வது தமிழ் மாணவர்களின் முதல் உச்சரிப்புத் தவறு. ஜப்பானியரின் அடிப்படை எழுத்தான ஹிரகனாவில் க-வுக்கு மேல் இரண்டு சின்னக் கோடு போட்டால் அது மென்மையான க ஆகிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் காது அதைப் பிரிக்கத் தொடங்கும்.

ஆங்கில எழுத்தும் தீர்வல்ல. குறில் நெடில் அதில் தெளிவாக நிற்காது. ஒஜிசன் என்றால் மாமா, ஒஜீசன் என்றால் தாத்தா. கிதெ என்றால் வந்து, கித்தெ என்றால் தபால் தலை. நெடிலும் இரட்டித்த மெய்யும் பொருளை மாற்றும் என்பது நமக்குப் புதிதல்ல: பல், பால்; படு, பட்டு. ஆங்கிலேயர் மாதக்கணக்கில் திணறும் இடம் இது. நம் மாணவர்கள் ஆங்கில எழுத்து வழியாகப் படிக்கும்போது மட்டும் இங்கே தடுமாறுகிறார்கள். அதனால் நான்காம் வாரம் முடிந்ததும் பலகையில் ஆங்கில எழுத்து இருக்கக் கூடாது.

மாத்திரையையும் சொல்லிக் கொடுங்கள். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்பது அப்படியே பொருந்தும். மெய்யில்தான் வேறுபாடு: நமக்கு அரை, அவர்களுக்கு முழு ஒன்று. நிப்பொன் என்பதில் நி, ப், பொ, ன் என்று நான்கு தட்டு. மேசையில் தட்டியபடி சொல்ல வைத்தால் இரண்டு வகுப்பில் தாளம் பிடிபடும். இன்னொரு நல்ல செய்தி, ஜப்பானிய உகரம் இதழ் குவியாமல் வருவது. நம் குற்றியலுகரத்துக்கு மிக அருகில் இருக்கும் ஒலி. 'காசு' என்பதன் கடைசி ஒலியைக் காட்டினால் போதும்.

எழுத்துக்கு முதல் நான்கு வாரம், 12 மணி நேரம். ஹிரகனா 46, பிற மொழிச் சொற்களை எழுதப் பயன்படும் கதகனா 46. வகுப்புக்குப் பத்துப் பதினைந்து எழுத்து. அடுத்த வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் சொல்வதைக் கேட்டு எழுதுவது. மொழித்துறைகளில் கதகனாவைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். பொறியியல் மாணவருக்கு அதைத் தள்ளக் கூடாது, ஏனென்றால் இயந்திரத்தின் மீதும் கையேட்டிலும் இருக்கும் மோதா, சென்சா, ஸுயிச்சி, பத்தெரீ, எரா எல்லாம் கதகனாவில்தான் இருக்கும். 'பொருதொ' என்பது திருகாணிக்கும் மின் அழுத்த அலகுக்கும் ஒரே எழுத்துக்கூட்டு. எது என்பதை இடம் பார்த்துத்தான் அறிய வேண்டும். கதகனாவில் எல்லோரும் சறுக்கும் இடம் ஷி, ட்சு, ன், சொ. வடிவத்தைப் பார்த்து மனப்பாடம் செய்தால் கடைசி வரை குழப்பம்தான். கோடு போகும் திசையைக் கற்றுக் கொடுங்கள்: ஷி, ன் இரண்டிலும் நீளக் கோடு கீழிருந்து மேலே போகும், ட்சு, சொ இரண்டிலும் மேலிருந்து கீழே வரும். சரியாக எழுதத் தெரிந்தவர் சரியாகப் படிப்பார்.

வேற்றுமை உருபுகளுக்கு வருவோம். ஒ என்றால் ஐ, நொ என்றால் உடைய, தொ என்றால் ஓடு, கர என்றால் இருந்து, மதெ என்றால் வரை, மொ என்றால் உம். கேள்விச் சொல்லோடு சேரும்போது கூட இது மாறுவதில்லை: தரெ மொ இமசென், யாரும் இல்லை. தரெக என்றால் யாரோ. இந்தப் பட்டியலைக் கொடுத்துவிட்டு உடனே தவறு வரும் இடங்களைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தமிழே காலை வாரும்.

முதல் இடம் 'இல்'. சென்னையில் இருக்கிறேன், கேன்டீனில் சாப்பிடுகிறேன் இரண்டுக்கும் நமக்கு ஒரே உருபு. அவர்களுக்கு இருப்பதற்கு நி, செயல் நடக்கும் இடத்துக்கு டெ. பேனாவால் எழுதும்போது வரும் 'ஆல்' கூட டெ தான். இரண்டாவது, நாம் காபியைக் குடித்தேன் என்று சொல்வதில்லை, காபி குடித்தேன் என்போம். அதே பழக்கத்தில் ஒ-வை விட்டுவிடுவார்கள். பேச்சில் ஜப்பானியரும் விடுவார்கள். தேர்வில் மதிப்பெண் போகும். மூன்றாவது, நண்பனைச் சந்தித்தேன் என்பதற்கு அங்கே ஐ வராது, கு வரும்: தொமொதசி நி அவு.

பிடிக்கும் என்பதைச் சொல்லும் இடம் தனி. வதஷி வ கோஹீ க சுகி டெஸ். எனக்குக் காபி பிடிக்கும். காபிக்கு ஐ வராமல் எழுவாயாக நிற்பது தமிழிலும் உண்டு என்பதால் எழுவாயைக் காட்டும் க போடுவது எளிதாகப் புரியும்; ஆங்கிலம் வழியே யோசிப்பவர் ஒ போட்டுவிடுவார். ஆனால் தமிழ் வழியே யோசிப்பவர் 'எனக்கு' என்பதற்காக நி போடுவார். அங்கே வ தான் வரும். வ என்பது எழுவாய் உருபு அல்ல, பேசப்படும் பொருளை முன்னால் எடுத்து வைக்கும் அடையாளம். அதற்குத் தமிழில் நேர் உருபு கிடையாது. "நான் என்று பார்த்தால்", "காபி என்றால்" என்ற விரிப்பு ஓரளவு உதவும். முழுமையாகப் பிடிபட ஒரு செமஸ்டர் போதாது. அதில் தவறு வந்தால் மதிப்பெண் குறைக்காமல் விட்டுவிடுவதே நல்லது.

இருப்பதற்கு இரு, அரு என்று இரண்டு வினை. உயர்திணை, அஃறிணை என்று விளக்க எல்லோருக்கும் ஆசை வரும். செய்யாதீர்கள். நாய் நமக்கு அஃறிணை. அவர்களுக்கு உயிரோடு தானாக நகர்வது எல்லாம் இரு. அந்த விளக்கத்தோடு போன மாணவர் 'இனு க அரு' என்றுதான் எழுதுவார்.

கொரெ, சொரெ, அரெ, தொரெ. இது, உது, அது, எது. கேட்பவர் பக்கத்தில் இருப்பதைச் சுட்டும் உகரச்சுட்டு தமிழ்நாட்டுப் பேச்சில் வழக்கொழிந்துவிட்டது. அதனால் சொரெ, அரெ இரண்டையும் 'அது' என்றே பிடித்துக்கொண்டு குழப்புவார்கள். யாழ்ப்பாணத் தமிழில் உது இன்றும் உயிரோடு இருக்கிறது. இலங்கை மாணவர் ஒருவர் வகுப்பில் இருந்தால் விளக்கும் வேலையை அவரிடமே கொடுக்கலாம்.

'வரலையா?' என்று கேட்டால் 'ஆமாம், வரலை' என்கிறோம். ஜப்பானியரும் ஹை, இகிமசென் என்றுதான் சொல்வார்கள். ஆங்கிலத்தில் யோசிக்கிறவர் மட்டும் இங்கே 'இல்லை' என்று தொடங்கி எதிர்ப்பொருளைச் சொல்லிவிடுவார். பெயரெச்சமும் அப்படியே: வதஷி க கினோ கத்த ஹொன், நான் நேற்று வாங்கிய புத்தகம். சொல்லுக்குச் சொல் அதே வரிசை.

இவ்வளவு ஒற்றுமையைக் காட்டினால் வகுப்பில் நிச்சயம் ஒருவர் எழுந்து, ஜப்பானிய மொழி தமிழிலிருந்து வந்ததா என்று கேட்பார். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியியலாளர் இரண்டுக்கும் உறவு உண்டு என்று வாதிட்டார்; மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. அமைப்பு ஒத்திருப்பது வேறு, பிறப்பு ஒன்றாக இருப்பது வேறு. இரண்டு நிமிடத்தில் இதைச் சொல்லி நகர்ந்துவிடுங்கள். நமக்கு வேண்டியது அமைப்பு மட்டும்.

வகுப்பில் தெலுங்கு, மலையாளம், இந்தி பேசுகிறவர்களும் இருப்பார்கள். தமிழில் மட்டும் விளக்கினால் அவர்கள் வெளியே நிற்பார்கள். பலகையில் ஜப்பானிய வாக்கியத்தை எழுதி, அவரவர் மொழியில் கீழே எழுதச் சொல்லுங்கள். எல்லா மொழியிலும் வினை கடைசியில் வரும், உருபு பெயருக்குப் பின்னால் வரும். ஆங்கிலம்தான் அந்த அறையில் தனியாக நிற்கும் மொழி. தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்து, ஆங்கில வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள் இந்த இடத்தில்தான் முதல் வரிசைக்கு வருகிறார்கள். இந்த முறையை நான் வற்புறுத்துவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

60 பேர் வகுப்பில் ஒவ்வொருவராக எழுப்பிப் பேச வைத்தால் 50 நிமிடத்தில் ஆளுக்கு ஒரு நிமிடம்கூட வராது. இரண்டிரண்டு பேராக, இரண்டு நிமிடம், பிறகு பக்கத்து ஆள் மாற்றம். இரைச்சல் இருக்கும், இருக்கட்டும். எண்களுக்கு இந்த முறை மிகவும் பொருந்தும். அவர்கள் பத்தாயிரத்தை அலகாகக் கொண்டு எண்ணுவதால் லட்சம் என்பது 10 மன், கோடி என்பது 1000 மன், பத்துக் கோடி என்பது 1 ஒகு. விலையைச் சொல்வதும் திருப்பிச் சொல்வதுமாகப் பத்து நிமிடம் நடத்தினால்தான் நாக்கில் வரும். சம்ப்யகு, ரொப்ப்யகு, ஹப்ப்யகு என்று 300, 600, 800 மட்டும் முறை மாறுவதையும் அதிலேயே சேர்த்துவிடலாம்.

கன்ஜி என்ற சீன வழி எழுத்துகளில் முப்பது போதும்: எண்கள், கிழமைகள், மேல், கீழ், உள்ளே, வெளியே, இடது, வலது, மனிதர், ஆண்டு. ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் (ஜே.எல்.பி.டி.) தொடக்க நிலையான என்5 தேர்வுக்கு ஏறத்தாழ நூறு வேண்டும். அதை விரும்புகிறவர்கள் தனியாகப் படிக்கட்டும். அந்தத் தேர்வு ஜூலை, டிசம்பர் மாதங்களில் நடக்கிறது, சென்னையிலும் எழுதலாம். 180க்கு 80 வாங்கினால் தேர்ச்சி, ஆனால் கேட்டல் பகுதியில் 60க்கு 19 தனியாக வாங்கியாக வேண்டும். எழுத்தில் நன்றாக வாங்கியும் இந்த 19 வராமல் தோற்க முடியும். பேச்சுத் தேர்வு அதில் கிடையவே கிடையாது. ஆகவே கல்லூரி இன்டர்னல் மதிப்பெண்ணில் பாதியையாவது கேட்பதற்கும் பேசுவதற்கும் ஒதுக்குங்கள்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஜப்பானிய நிறுவன நேர்முகத்துக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் நம் அப்பாவைப் பற்றி யாரிடம் பேசினாலும் 'அப்பா வந்தார்' என்று மரியாதையோடுதான் சொல்வோம். ஜப்பானியர் வெளியாரிடம் தம் வீட்டாரைத் தாழ்த்திச் சொல்வார்கள்: தம் அப்பா சிசி, பிறர் அப்பா ஒதோசன். அலுவலகத்திலும் அதே முறை. வாடிக்கையாளரிடம் பேசும்போது தம் மேலாளர் பெயருக்குப் பின்னால் 'சன்' என்ற மரியாதைச் சொல் போடக் கூடாது. இதைச் சொல்லாமல் அனுப்பினால், நல்ல இலக்கணத்தோடு, மிகுந்த பணிவோடு, தவறாகப் பேசிவிட்டு வருவார்கள். கடைசி வாரத்து ஒரு மணி நேரத்தை இதற்கென்றே ஒதுக்கி, தம் குடும்பத்தை அறிமுகப்படுத்துவது, அடுத்தவர் குடும்பத்தைப் பற்றிக் கேட்பது என்று மாற்றி மாற்றிப் பேசவிடுங்கள்.