படத்தின் பின்னால் எழுதிய கப்பல் பெயர்

உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்து வீடுகளிலிருந்து ஸ்கேன் செய்ய வரும் பழைய ஆல்பங்களில் கடற்படைப் படங்களும் இருக்கும். பின்னால் ‘டெல்லி கப்பல், தாத்தா’ என்று பென்சிலில் எழுதியிருப்பார்கள். தாத்தா அந்தக் கப்பலில் வேலை பார்த்தார் என்பதற்கு அது நல்ல சாட்சி. படத்தில் நிற்பதும் அதே கப்பல்தானா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். துறைமுகத்தில் விற்ற படம் ஒன்றை வாங்கி ஊருக்கு அனுப்பியிருக்கவும் கூடும்.

முதலில் இரண்டு பக்கத்தையும் 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்துவிட வேண்டும். ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. மேல்பூச்சு ஊறி உரிந்துவிடும்.

அதிகம் குழம்புவது ஐ.என்.எஸ். டெல்லியும் மைசூரும்தான். இரண்டும் பிரிட்டனிடமிருந்து வந்த குரூசர் வகைப் போர்க்கப்பல்கள். 1948-ல் வந்த டெல்லியின் பழைய பெயர் அக்கிலீஸ். 1957-ல் படையில் சேர்ந்த மைசூர் முன்பு நைஜீரியா. டெல்லிக்கு ஒரே புகைபோக்கி, மைசூருக்கு இரண்டு. இந்த எண்ணிக்கையோடு நிறுத்தினால் ஏமாந்துபோவோம். நேர் முன்னாலிருந்து எடுத்த படத்தில் பின் புகைபோக்கி முன்னதன் மறைவில் போய்விடும். அப்போது முன்தளத்துப் பீரங்கிக் கூண்டைப் பெரிதாக்கிக் குழல்களை எண்ண வேண்டும்: கூண்டுக்கு இரண்டு என்றால் டெல்லி, மூன்று என்றால் மைசூர். முன்னால் உள்ள இரண்டு கூண்டுகளையும் எண்ணுவது நல்லது. ஸ்டுடியோவில் டச்சிங் செய்த படமென்றால் மெல்லிய குழல் ஒன்று பின்னணியோடு கரைந்திருக்கும்.

பழைய விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தின் படத்தில் மேல்கட்டடம் கப்பலின் வலப்பக்கம் இருக்க வேண்டும். முகப்பு நம் வலக்கைப் பக்கம் பார்க்கிறது, கட்டடமோ தளத்துக்கு அந்தப்புறம் தெரிகிறது என்றால், நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள். தளத்தின் முன்முனை மேல்நோக்கி வளைந்திருந்தால், குடும்பத்தார் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் அது 1971 போர்க்காலப் படம் ஆகாது. அந்த வளைவு 1980-களின் கடைசியில் வைத்தது.

ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் என்று வரும் படங்களில் இரண்டு புகைபோக்கி தெரிந்தால், 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைச் சுட்ட கப்பல் அல்ல. அதற்கு மூன்று, வேஷம் போட நான்காவதாகப் பொய்ப் புகைபோக்கியும் கட்டினார்கள். இரண்டு உள்ளது 1925-ல் நீரில் இறக்கிய அடுத்த எம்டன்.

பட்டியலில் ஏற்றும்போது பென்சில் எழுத்தை எழுத்துப்பிழையோடு அப்படியே ஒரு கட்டத்தில் பதிய வேண்டும். நமது முடிவும் அதற்கான காரணமும் அடுத்த கட்டத்தில். குடும்பத்தார் எழுதியதை அழிக்க நமக்கு உரிமை இல்லை. அதிலும் 1946 கடற்படைக் கலகத்தை ஒட்டி ‘தல்வார்’ என்று எழுதியிருந்தால் கப்பலைத் தேட வேண்டாம். அது பம்பாயில் கரையில் இருந்த சிக்னல் பயிற்சிப் பள்ளி.