இன்ஸ்பெக்‌ஷனில் தோற்ற பழைய காரை வீட்டிலேயே சரிசெய்தோம்

சிங்கப்பூரில், கட்டாயப் பரிசோதனையான இன்ஸ்பெக்‌ஷனில் கார் தோற்றுவிட்டது என்று சொன்னால் நம்மவர்கள் முதலில் கேட்பது, "அப்ப ஸ்கிராப் பண்ணப் போறீங்களா?" என்றுதான். அந்த அளவுக்குப் போகத் தேவையில்லை. எதில் தோற்றது என்று ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். எங்கள் தாளில் மூன்று குறைகள் இருந்தன. பின்பிரேக்கில் இடதுக்கும் வலதுக்கும் பிடிப்பு ஒத்துப்போகவில்லை. முகப்பு விளக்கில் வெளிச்சம் போதவில்லை. முன்சக்கரத்தை ஓட்டும் தண்டின் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியே தெறித்திருந்தது.

வண்டி 2010-இல் பதிவான ஜப்பானிய செடான். பத்தாண்டு முடிந்ததும் சிஓஇயை, அதாவது வண்டி வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் உரிமைச் சான்றிதழை, இன்னொரு பத்தாண்டுக்குப் புதுப்பித்தோம். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சிஓஇ 106,000 சிங்கப்பூர் வெள்ளிக்குப் போனதைப் பார்த்தபிறகு, ஓடுகிற வண்டியை விட யாருக்கு மனசு வரும்? ஆனால் பத்து வயதைத் தாண்டிய காருக்கு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை கட்டாயம். அதற்கு முன் இரண்டாண்டுக்கு ஒருமுறைதான். தேறாவிட்டால் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. சாலை வரி இல்லாமல் வண்டியைத் தெருவில் இறக்குவது குற்றம். அதனால் அறிவிப்புக் கடிதம் வந்ததும் போய்விடுவது நல்லது. கடைசி வாரம்வரை தள்ளிப்போட்டுத் தோற்றால் பழுதுபார்க்க அவகாசம் இருக்காது.

சிங்கப்பூரில் இந்த வேலைக்கு முதல் தடை இடம்தான். நாங்கள் இருப்பது வீவக எனப்படும் அரசாங்க அடுக்குமாடி வீடு. அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றிப் பிரேக் வேலை பார்க்க முடியாது. விதி இடம் தராது, பக்கத்து வண்டிக்காரரும் இடம் தரமாட்டார். நல்லவேளை, மனைவியின் மாமா சிராங்கூன் கார்டன்ஸில் தரைவீட்டில் இருக்கிறார். பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். "கொண்டு வா தம்பி. ஆனா பிரேக்ல விளையாட்டு கிடையாது, நான் சொல்றபடிதான்" என்றார். இப்படி ஒருவர் பக்கத்தில் இல்லாமல் பிரேக்கில் கைவைக்கச் சொல்லி யாருக்கும் நான் யோசனை சொல்லமாட்டேன்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வைத்தோம். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் கைவிடக் கூடாது. பின்சக்கரத்தில் டிரம் பிரேக்; சக்கரத்தோடு சுழலும் டிரம்மை உள்ளேயிருக்கும் 'ஷூ' என்னும் வளைந்த பட்டைகள் அழுத்தி நிறுத்தும். ஹேண்ட்பிரேக்கை விடுவித்த பிறகும் டிரம் அசையவில்லை. சுத்தியலைத் தேடினேன், மாமா தடுத்தார். டிரம்மின் முகத்தில் மரை வெட்டிய இரண்டு துளைகள் இருக்கின்றன. 8 மில்லிமீட்டர் போல்ட் இரண்டை அவற்றில் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க, டிரம் 'டக்'கென்று விட்டுக்கொடுத்தது.

இடது பக்கம் உள்ளே பார்த்ததும் காரணம் புரிந்துவிட்டது. எண்ணெய் அழுத்தத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை ஸ்க்ரூடிரைவர் நுனியால் நீக்கினால் பழுப்பு நிறத்தில் பிரேக் எண்ணெய் வழிகிறது. பிரேக் ஷூவின் மேல்பாதி முழுக்க ஈரம். எண்ணெயில் நனைந்த ஷூ டிரம்மை எப்படிப் பிடிக்கும்? வலது பக்கம் காய்ந்து சுத்தமாக இருந்தது. அதனால்தான் பரிசோதனை நிலையத்தின் உருளையில் ஏற்றியபோது ஒருபக்கம் பிடித்து மறுபக்கம் நழுவியிருக்கிறது. ஷூவைத் துடைத்துத் திரும்பப் போடலாமா என்று கேட்டேன். மாமா முறைத்த முறைப்பே பதில்.

உதிரிபாகத்துக்கு ஊபி பக்கம் போனேன். கடைக்கார அங்கிளிடம் கார் பெயரைச் சொன்னால் போதாது, வண்டியின் உடலில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணைக் காட்ட வேண்டும். ஒரே மாடலில் இரண்டு வகை டிரம் இருக்கும். இரண்டு பக்கத்துக்கும் சிலிண்டர், ஒரு செட் ஷூ, பிரேக் எண்ணெய் ஒரு பாட்டில் வாங்கினேன். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பழைய வித்தியாசம் வேறு ரூபத்தில் திரும்பி வரும்.

ஸ்பிரிங்குகளைக் கழற்றுமுன் போனில் படம் எடுத்தோம். ஒரு பக்கத்தை முழுசாக மாட்டிய பிறகே அடுத்த பக்கத்தைத் திறந்தோம், ஏதாவது குழப்பம் வந்தால் பார்த்துக்கொள்ள. பிரேக் குழாயின் நட்டை மட்டும் சாதாரண ஸ்பேனரால் தொடவே கூடாது, முனை மழுங்கிவிடும். குழாய்க்கென்றே இருக்கும் ஸ்பேனர் வேண்டும். உள்ளே படிந்த தூசியையும் வாயால் ஊதாமல் பிரேக் கிளீனர் அடித்து நனைத்துத்தான் துடைத்தோம்.

அப்புறம், குழாயைக் கழற்றியதில் உள்ளே புகுந்த காற்றை எடுக்கும் படலம். மாமா ஓட்டுநர் இருக்கையில், நான் சக்கரத்தடியில். "மிதிங்க மாமா." "மிதிச்சிட்டேன்." "பிடிச்சுக்குங்க." சிலிண்டரில் காற்று எடுப்பதற்கென்றே உள்ள திருகைத் திறந்தால், அதில் மாட்டிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயில் எண்ணெய் குமிழ்குமிழாய் வருகிறது. திருகை மூடிய பிறகுதான் "விடுங்க" சொல்ல வேண்டும், முந்திச் சொன்னால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். பானட்டைத் திறந்து எண்ணெய் மட்டத்தை அடிக்கடி பார்த்து ஊற்ற வேண்டும். பிரேக் எண்ணெய் பெயிண்டில் பட்டால் அரித்துவிடும் என்பதால் பக்கத்திலேயே தண்ணீர் வாளி. குமிழ் நின்று பெடல் கெட்டியானதும் மாமா ஒன்றும் சொல்லாமல் டீ போட எழுந்து போனார். சக்கர நட்டுகளைக் கையேட்டில் உள்ளபடி 103 நியூட்டன் மீட்டருக்குக் குறுக்குமறுக்காக முடுக்கினேன். தெருவுக்கு எடுக்குமுன் வாசலிலேயே முன்னும் பின்னும் நகர்த்திப் பிரேக்கைப் பார்த்துக்கொண்டோம்.

விளக்கு வேலை எளிது. பல்ப் நன்றாகத்தான் இருந்தது; வெயிலில் மஞ்சளடித்திருந்தது பிளாஸ்டிக் மூடிதான். சுற்றிலும் டேப் ஒட்டி, 1000, 1500, 2000 எண் உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்த்தேன். வழியும் நீர் மஞ்சளாக இருந்து வெள்ளையாக மாறும்வரை முதல் தாளை விடக்கூடாது. பிறகு பாலிஷ், அதன்மேல் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு. அந்தப் பூச்சை விட்டால் சீக்கிரமே மறுபடி மஞ்சளாகிவிடும்.

ரப்பர் உறையை ஒர்க்‌ஷாப்பிடம் விட்டோம். தண்டையே வெளியே இழுக்க வேண்டிய வேலை, அதற்குரிய கருவி எங்களிடம் இல்லை. பழைய பிரேக் எண்ணெயையும் அங்கேயே கொடுத்தோம், சாக்கடையில் ஊற்ற முடியாதே.

மறுபரிசோதனைக்குக் கட்டணம் முதல் முறையைவிடக் குறைவு. உருளையில் இரண்டு பின்சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு பிடித்தன. தேறியது. அன்றிரவே அரசாங்கத்தின் ஒன்மோட்டரிங் இணையத்தளத்தில் சாலை வரியைக் கட்டினேன். பத்து வயதுக்குமேல் வண்டிக்கு 10 விழுக்காட்டில் தொடங்கும் கூடுதல் வரி ஆண்டுக்கு ஆண்டு ஏறி 50 விழுக்காட்டில்தான் நிற்கும். அதைக் கட்டும்போதுதான் கொஞ்சம் வலித்தது. மறுபக்கத்து ரப்பர் உறையிலும் வெடிப்பு தெரிகிறது என்று ஒர்க்‌ஷாப்காரர் சொல்லியிருக்கிறார். அடுத்த கடிதம் வரும்வரை காத்திருக்காமல் அதை முன்னாலேயே மாற்றிவிடப் போகிறோம்.