‘நீங்கள்’ என்று சொல்லாமலே

வியட்நாமின் ஹனோயில் டொங் சுவான் சந்தைக்குப் பின்னால் ஒரு ஃபோ (நூடுல்ஸ் சூப்) கடை. நடைபாதையில் முழங்கால் உயர பிளாஸ்டிக் ஸ்டூல்கள். உட்கார்ந்ததும் கடைக்காரப் பெண்மணி கேட்டது, என்ன சாப்பிடுகிறாய் என்றல்ல, உனக்கு வயசு என்ன என்று. கூட வந்த உள்ளூர் நண்பர் மொழிபெயர்த்தார். வயசு தெரிந்தால்தான் எந்த முறை வைத்துக் கூப்பிடுவது என்று முடிவாகுமாம்.

38 என்றதும் நான் ‘எம்’ ஆகிவிட்டேன், அவர் ‘சி’. எம் என்றால் தம்பி அல்லது தங்கை, சி என்றால் அக்கா. அப்புறம் அவர் தன்னைச் சொன்னாலும் சி, நான் அவரைச் சொன்னாலும் சி. “அக்கா சூப் கொண்டுவருகிறேன், தம்பி எலுமிச்சை பிழிந்துகொள்” என்கிற மாதிரி. நம் வீட்டில் “அம்மா வரேன், இரு கண்ணு” என்று குழந்தையிடம் சொல்கிறோமே, அதேதான். அங்கே ஊர் முழுக்க அப்படிப் பேசுகிறார்கள்.

தொனிதான் எனக்குப் பிடிபடவில்லை. வடக்கே ஆறு தொனி. ‘மா’ என்பதே குரல் ஏறி இறங்குவதைப் பொறுத்துப் பேய், கல்லறை, குதிரை, நாற்று என்று மாறும். தெற்கே சைகோன் பக்கம் ஐந்துதான். கல்லறையும் குதிரையும் அங்கே ஒரே ஒலி.

அடுத்த வருஷம் தென்னாப்பிரிக்கா. கேப் டவுனுக்குப் பக்கத்தில் பார்ல் என்ற ஊரில், தங்கிய வீட்டுப் பையன் ஓடிவந்து ஆப்பிரிக்கான்ஸில் கேட்டான்: “ஊம் பையை நான் ஊமுக்காகத் தூக்கட்டுமா?” ஊம் என்றால் மாமா. பெண்களுக்கு டானி. ‘நீங்கள்’ என்பதற்கு அந்த மொழியில் சொல் இருக்கிறது. ஆனாலும் பெரியவர்களிடம் பிள்ளைகள் முறையைச் சொல்லித்தான் பேசுகிறார்கள். எனக்கு அந்தக் கடைக்கார அக்கா ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் அவர் எனக்கும் ஒரு முறை கொடுத்தார். இங்கே பையனுக்கு அது கிடையாது, வெறும் ‘நீ’தான்.

பார்ல் மலைமேல் அந்த மொழிக்கென்றே ஒரு நினைவுச்சின்னம், உயரமான கான்கிரீட் தூண்களோடு. திறந்தது 1975 அக்டோபரில். எட்டே மாதத்தில், 1976 ஜூன் 16 அன்று, பள்ளிகளில் ஆப்பிரிக்கான்ஸைத் திணிப்பதை எதிர்த்து ஊர்வலம் போன, ஜோகன்னஸ்பர்க் பக்கத்துச் சொவேட்டோவின் கறுப்பினப் பிள்ளைகளைப் போலீஸ் சுட்டது. தூணடியில் நின்றபோது என்னால் வேறெதையும் நினைக்க முடியவில்லை.

ஆனால் அது ஆட்சி செய்த வெள்ளையரின் மொழி மட்டுமல்ல. டச்சுக் கம்பெனி அடிமைகளாகக் கொண்டுவந்தவர்களும் பேசிப் பேசி உருமாற்றிய டச்சு அது. மலாய்த் தீவுகள், வங்காளம், நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் ஆட்களைப் பிடித்துப் போயிருக்கிறார்கள். வாழைப்பழத்துக்கு ‘பிசாங்’, நிறைய என்பதற்கு ‘பையா’, இரண்டும் மலாய்ச் சொற்கள். கேப் டவுனின் போ-காப் பகுதி மதரசாக்களில் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்த மொழியை அரபு எழுத்தில் எழுதினார்கள். இன்றும் இதை வீட்டில் பேசுகிறவர்களில் வெள்ளையரல்லாதவர்களே அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை காலை போ-காப்பில் ஒரு வீட்டு வாசலில் கூசிஸ்டர் விற்றார்கள். பாகில் ஊறி, தேங்காய்த் துருவலில் புரண்ட சூடான பலகாரம். நாலு வாங்கிக்கொண்டு “பையா டங்கி, டானி” என்றேன். அந்தம்மா ஒரு நொடி என்னைப் பார்த்தார். அப்புறம் இடுக்கியால் ஐந்தாவதை எடுத்துப் பையில் போட்டார்.